மீதி முப்பது நிமிடம்

எங்கள் போட் முகத்துவாரத்து மணலில் தட்டியபோது என் போனில் பச்சைக் கோடு இருந்தது. பச்சை என்றால் தண்ணீர் போதுமான அளவு ஏறிவிட்டது, உள்ளே வரலாம் என்று பொருள்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. போட்டுகளை ஏரிப்பக்கம் கட்டுவோம். கடலுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டும் சேரும் முகத்துவாரம் வழியாகத்தான் போக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே மணல் ஒரே இடத்தில் நிற்காது. தண்ணீர் வற்றும் நேரத்தில் பாரத்தோடு வந்தால் போட்டின் அடி மணலில் உரசும். அதனால் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே யாரும் இன்ஜினைத் தொட மாட்டார்கள்.

என் போனில் அதற்கு ஒரு இலவச ஆப் இருந்தது. நம் போட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், அந்த அளவு தண்ணீர் இருக்கும் நேரத்தைப் பச்சைக் கோடாகக் காட்டும். ஒரு வருடமாக அதைப் பார்த்துத்தான் வந்தோம். போட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவியின் அண்ணன், முன்பக்கம் நிற்கும் ஒரு பங்காளி. இன்ஜின் மச்சான் கையில் இருக்கும். நேரம் சொல்வது என் வேலை.

அன்று வலையில் மத்தி மாதிரியான கவலை மீன் நிறைய விழுந்திருந்தது. போட் தாழ்ந்து வந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே மச்சான் இன்ஜினைக் குறைத்தார்.

"கொஞ்ச நேரம் நிக்கலாம் மாப்ள. தண்ணி ஏறின மாதிரி தெரில."

"பச்ச வந்துட்ச்சி மச்சான். இதோ பாரு. போலாம்."

அவர் என் போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்ஜினைக் கூட்டினார்.

பாதி தூரத்தில் அடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. போட் நின்றது. பின்னால் வந்த அலை அதைத் திருப்பிப் போட்டது. அடுத்த அலையில் நாங்கள் மூவரும் தண்ணீரில் கிடந்தோம். ஆழமில்லை, இடுப்பளவுதான். மற்ற இருவரும் எழுந்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கும்போது போட்டின் விளிம்பு என் இடது காலின் மேல் இறங்கியது. வலி பிறகுதான் வந்தது. முதலில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள். மச்சான் என்னைத் தூக்கி ஏற்றினார், இறக்கினார், வீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"பேர்லயே ஆப்புனு கீது. அத நம்பி இட்டாந்த பாரு."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்ஜினில் உப்புத் தண்ணீர் போயிருந்தது. அதைப் பிரித்துக் காயவைத்துச் சரிசெய்தது எல்லாம் அவர்தான் என்று மனைவி சொல்லித்தான் தெரியும்.

கட்டிலில் படுத்திருப்பவனுக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கும். நான் அந்த ஆப்பைத் திட்ட முடிவு செய்தேன். அதன் அடியில் 'எங்களைப் பற்றி' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே ஒரு கம்பெனியின் பெயர், தொலைபேசி எண் இருக்கும் என்று நினைத்துத் தட்டினேன். கம்பெனியே இல்லை. இது ஓப்பன் சோர்ஸ் ஆப், பல நாடுகளில் உள்ளவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதுவது, இதை இயக்கும் நிரல் முழுவதும் இங்கே இருக்கிறது, யாரும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. எனக்கு எரிச்சல் அதிகமானது. திட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லையா?

இருந்தது. குறைகளை எழுதும் பக்கம் ஒன்று இருந்தது. போனிலேயே தமிழில் எழுதி, போனையே ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லி, அப்படியே ஒட்டினேன். "உங்கள் ஆப்பை நம்பி என் கால் உடைந்தது. பச்சை என்று பொய் சொன்னீர்கள். வெட்கமாக இல்லையா?"

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. எழுதியவரின் பெயர் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. படத்தில் ஆள் இல்லை, சுவரில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள் இருந்தது. ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியவில்லை. நான் அவரை சைக்கிள்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு அடிபட்டதைக் கேட்டு மிகவும் வருந்துகிறேன். இதைக் கண்டுபிடிக்க விரும்புகிறேன். எந்த ஊர்? ஆப்பின் எந்தப் பதிப்பு? ஆப் என்ன நேரம் காட்டியது, உண்மையில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது?"

சண்டைக்கு வந்தவனிடம் நாற்காலி போட்டுக் கேள்வி கேட்டால் எப்படியிருக்கும்? முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஆப்பைப் புதுப்பித்தேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று வாரமும் மீன் குறைவு, போட் தாழவில்லை, அதனால் உரசவும் இல்லை. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது? அதைப் பார்க்கத்தான் ஆப் வைத்திருந்தேன்.

மனைவி கேட்டாள். "இன்னா, அதுலயே மொறச்சினு கீற?"

சொன்னேன்.

"அவ்ளோதான? நான் பாத்து சொல்றேன்."

வீட்டில் கிடந்த மூங்கில் கழியில் விரற்கடைக்கு ஒரு கோடாகத் தன் நெயில் பாலிஷால் சிவப்பாக இழுத்தாள். ஏரிக்கரையில் படகு நிற்கும் இடத்தில் அதை நட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். அன்று ஆப் சொன்ன உச்ச நேரத்துக்கும் அவள் பார்த்ததற்கும் ஒரு மணி பத்து நிமிடம் வித்தியாசம். மறுநாள் ஒரு மணி இருபது. நான் வெற்றி பெற்றவனைப் போல அதை எழுதி அனுப்பினேன்.

சைக்கிள்காரர் மரியாதையாகத்தான் எழுதினார். ஆனால் நம்பவில்லை. "கணக்கில் இவ்வளவு பெரிய பிழை வர வழி எனக்குத் தெரியவில்லை. எந்த இடத்தில் அளந்தீர்கள்? ஆப் காட்டுவது திறந்த கடலின் நேரம்."

படித்ததும் என் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடல் ஏறி, அந்தத் தண்ணீர் குறுகிய வாய்க்குள் நுழைந்து, ஏரிக்குள் பரவி எங்கள் கரைக்கு வர நேரமாகும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கோபத்தில் அதைக்கூட மறந்து, ஏரித் தண்ணீரை அளந்து கடலைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

"அப்போ மொகத்துவாரத்துலதான் அளக்கணும்" என்றாள் மனைவி.

"அங்க அலையடிக்கும். நீ தனியா எப்டி போவ?"

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. சாயங்காலம் மச்சான் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கழியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலையில இந்தக் கோடு எங்க தெரியும்?" என்று தங்கையிடம்தான் கேட்டார். கழியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒரு நீளமான பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயோடு வந்தார். கீழ்முனையை அடைத்து, பக்கத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். குழாய்க்குள் வலையில் கட்டும் மிதப்பு ஒன்று, அதன் மேல் ஒரு மெல்லிய குச்சி. குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வரும். வெளியே அலை எவ்வளவு ஆடினாலும் உள்ளே மிதப்பு ஆடாது. தண்ணீர் ஏற ஏறக் குச்சி மேலே எழும்பும். குச்சியில் கோடு போட்டுவிட்டால் போதும். நான் கட்டிலில் இருந்தபடி வாயைப் பிளந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு தங்கையோடு கிளம்பினார்.

முகத்துவாரத்தில் கல் கொட்டியிருக்கும் இடத்தில் அதைக் கட்டி, மூன்று நாள் மாறி மாறி உட்கார்ந்து எழுதினார்கள். முதல் நாள் மனைவி அலுத்துக்கொண்டு வந்தாள்.

"கால் மணி நேரம் தண்ணி ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அப்டியே நிக்குது. அதுல எந்த நேரத்த எழுதறது?"

இதையும் சைக்கிள்காரரிடம் கேட்டேன். ஏறும்போது ஒரு கோட்டைத் தொடும் நேரத்தையும், இறங்கும்போது அதே கோட்டைத் தொடும் நேரத்தையும் எழுதுங்கள், இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் உச்சம் என்றார். மனைவி அதைக் கேட்டு, "அட, ஆமால்ல" என்றாள். அன்றிலிருந்து அப்படியே செய்தாள். மூன்று நாள் கணக்கும் வந்தது. ஆப் சொன்னதைவிட இருபத்தெட்டு நிமிடம் தாமதம், முப்பத்து மூன்று, முப்பத்து ஒன்று.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளும் அரைமணி. ஏன் சரியாக அரைமணி?

நான் பி.சி.ஏ. படித்தவன். இரண்டு அரியரை முடிக்காமலே விட்டுவிட்டு அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். ஒத்து வரவில்லை. எனக்குக் கடல்தான் பிடித்திருந்தது, வந்துவிட்டேன். அதில் வருத்தம் இல்லை. ஆனால் படித்த எதுவும் மனதில் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ஒன்று நினைவுக்கு வந்தது. உலகத்தின் பொது நேரத்திலிருந்து நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளுக்கு அது முழு மணிக் கணக்காக இருக்கும். நமக்கு ஓர் அரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் பரண்மேல் கிடந்தது, மனைவி இறக்கிக் கொடுத்தாள். பேட்டரி போய்விட்டிருந்தாலும் ஒயரைச் செருகினால் ஓடியது. அதில் ஆப்பின் நிரலைத் திறந்தேன். முந்நூற்றுக்கு மேல் கோப்புகள். எதுவும் புரியவில்லை. நேரம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினேன், ஆயிரக்கணக்கில் வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பதிப்பில் எதெல்லாம் மாறியது என்று பட்டியல் இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் உள்ள கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்காம் நாள் மதியம் அந்த வரி கிடைத்தது.

நம் நேர வித்தியாசத்தை ஆப் நிமிடத்தில் வாங்குகிறது. முந்நூற்று முப்பது. அதை அறுபதால் வகுத்து மணியாக்குகிறது. ஐந்து வரும், மீதி முப்பது. ஐந்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். அந்த முப்பது நிமிடம் எங்கேயும் போகவில்லை, அந்த வரியில்தான் கொட்டிக் கிடந்தது.

நிரலை வைத்திருந்த அந்த இணையதளத்தில் இன்னொரு வசதி உண்டு. எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார் என்று பார்க்கலாம். பார்த்தேன். வரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்த சைக்கிள் இருந்தது.

நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். திட்டுவதற்கு எல்லாம் தயார். ஆனால் இரண்டு வாரமாக என் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் எழுதியவரும் அவர்தான். போனை எடுத்தேன், வைத்தேன். முகத்துவாரத்துக்கு வெளியே மச்சான் இன்ஜினைக் குறைத்ததும், நான் போனை நீட்டியதும் கண்முன் வந்து நின்றன. சைக்கிள்காரர் தப்பாக வகுத்தார், சரி. தண்ணீரைப் பார்த்து நிற்கலாம் என்றவரை அவசரப்படுத்தியது யார்?

எழுதாமல் விட்டேன். திருத்தத்தை மட்டும் அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

அதில் நான் பட்ட பாடு தனி. மற்றவர்களின் நிரலை நேராகத் தொட முடியாது. முதலில் அதை அப்படியே நம் கணக்குக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஃபோர்க் என்கிறார்கள். பிரதியில் நம் இஷ்டத்துக்குத் திருத்தலாம், அசலுக்கு ஒன்றும் ஆகாது. திருத்தி முடித்ததும், இதைப் பாருங்கள், சரியென்றால் அசலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அந்த வேண்டுகோளின் பெயர் புல் ரிக்வெஸ்ட். நான் செய்தது சுலபமான வேலை. கணக்கெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் முப்பது நிமிடத்தைக் கூட்டிவிட்டேன். என் போனில் போட்டுப் பார்த்தேன், நேரம் சரியாக வந்தது. மனைவியின் நோட்டோடும் ஒத்துப்போனது. பெருமையோடு அனுப்பினேன்.

அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் சிவப்புச் சிவப்பாகக் குறிகள் வந்தன. யார் எதை அனுப்பினாலும் அதைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் டெஸ்டுகள் அங்கே இருக்கின்றன. பாதிக்கு மேல் தோற்றுவிட்டன. மறுநாள் சைக்கிள்காரரின் குறிப்பு வந்தது.

"பிழையைச் சரியான இடத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், அருமை. ஆனால் இப்படிக் கூட்டினால் உங்கள் ஊரில் நேரம் சரியாகும், மற்ற எல்லா நாடுகளிலும் அரைமணி தவறாகும். இன்னொன்று, நானூறு வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. நீங்கள் மாற்றியது ஒரு வரிதானே?"

நிரலைத் திறந்த மென்பொருள் எல்லா வரிகளின் இடைவெளியையும் தானாகவே மாற்றி வைத்திருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. அது போகட்டும். முதல் குறைதான் என்னைக் குத்தியது. என் முகத்துவாரத்துக்குச் சரியான நேரம் வேண்டும் என்று உலகத்தில் உள்ள எல்லா முகத்துவாரத்துக்கும் தப்பான நேரத்தை அனுப்பப் பார்த்திருக்கிறேன். என்னைப் போல இன்னொருவன் அதை நம்பி உள்ளே வந்திருப்பான். லேப்டாப்பை மூடி வைத்தேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மனைவி, நான் படித்துக் காட்டிய குறிப்பை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இப்போ அவரு இன்னா சொல்றாரு? தப்பா கீதுன்றாரா, இனிமே வராதன்றாரா?"

"தப்பா கீதுன்றாரு."

"அப்போ சரி பண்ணு. நான் மூணு நாள் வெயில்ல குந்தினு எழுதினது இதுக்கா?"

அந்தத் திட்டத்தின் முகப்பிலேயே, பங்களிக்க வருபவர்கள் முதலில் இதைப் படியுங்கள் என்று ஒரு கோப்பு இருந்தது. இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து படித்தேன். ஒரு வேண்டுகோளில் ஒரே ஒரு மாற்றம் வையுங்கள். அதற்குத் தனியாக ஒரு பிராஞ்ச், அதாவது கிளை, போட்டு வேலை செய்யுங்கள். பிழையைக் காட்டும் டெஸ்ட் ஒன்றை முதலில் எழுதி, அது தோற்பதைப் பாருங்கள். பிறகு திருத்தி, அது ஜெயிப்பதைப் பாருங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எல்லாம் வீட்டு வேலையை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தோரணையில் எளிமையாக இருந்தது. படித்திருந்தால் இரண்டு நாள் மானம் மிச்சமாகியிருக்கும்.

இந்த முறை மெதுவாகச் செய்தேன். ஒரு கிளை. அதில் முதலில் ஒரு டெஸ்ட். பொது நேரத்தில் காலை மூன்று மணி என்றால் நமக்கு எட்டரை வர வேண்டும். ஓட்டினேன், எட்டு வந்தது. சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இத்தனை நாளாக நானும் மனைவியும் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது கம்ப்யூட்டரே ஒத்துக்கொண்டது. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, மணியாக மாற்றாமல் கடைசிவரை நிமிடத்திலேயே கணக்குப் போடும்படி எழுதினேன். வகுத்தால்தானே மீதி விழும்? வகுக்கவே இல்லை. ஓட்டினேன். பச்சை.

பச்சையைக் கண்டதும் அனுப்பிவிடாமல், எங்கெல்லாம் நேரம் முழு மணியாக இல்லை என்று தேடி, பர்மாவுக்கும் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்கும் டெஸ்ட் எழுதினேன். பொது நேரத்துக்குப் பின்னால் இருக்கும் நாடுகளிலும் மூன்றரை மணி என்று ஓர் இடம் இருந்தது, அதற்கும் ஒன்று எழுதினேன். எல்லாம் பச்சை. மாறிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிரலில் மூன்று வரி, டெஸ்டில் முப்பத்தைந்து. இடைவெளி எதுவும் நகரவில்லை. விளக்கத்தில், முகத்துவாரத்தில் மூன்று நாள் அளந்த கணக்கை நோட்டுப் பக்கத்தின் படத்தோடு போட்டேன். அளந்தவர்கள் என் மனைவியும் அவள் அண்ணனும் என்று எழுதினேன்.

அடுத்த நாள் அதே திட்டத்தில் வேலை செய்யும் இன்னொருவர் வந்து, நிமிடத்துக்கு நான் வைத்திருந்த வேரியபிளின் பெயரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். அதற்கு மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே போனைப் பார்த்தால், சேர்க்கப்பட்டது என்று ஊதா நிறத்தில் ஓர் அடையாளம். கீழே சைக்கிள்காரர் எழுதியிருந்தார்.

"அந்த வரியை எழுதியது நான்தான். நான் வாழும் இடத்தில் நேரம் முழு மணி, அதனால் தோன்றவே இல்லை. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள். கால் எப்படி இருக்கிறது?"

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு மனைவிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் மச்சானை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தார். இந்த முறை உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். புதுப் பதிப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அந்த நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது என் கையெழுத்தாச்சே. வெளிநாட்டுக்காரன்லாம் பாக்கறானா?"

"பாக்கறாங்க."

"தெரிஞ்சிருந்தா நல்லா எழுதிருப்பன்ல."

பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மச்சான், ஆப்பு மேல தப்பு கீது. ஆனா நீ நிக்கலாம்னு சொன்ன. நான்தான் கேக்கல. என் தப்புதான்."

அவர் போனைக் கீழே வைத்தார். "இன்ஜின் யார் கைல இருந்திச்சி? நானும்தான தள்ளினு வந்தேன்." பிறகு, "உன் மேல கோவம்லாம் அப்பவே போய்ட்ச்சி மாப்ள. கால் ஒடஞ்சி கெடக்கற உன்னப் பாக்க ஒரு மாதிரியா கீது, அதான் வரல" என்றார்.

நான் எழுதியது அடுத்த வாரம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. ஏலம் விடும் இடத்தில் மச்சானே நின்று, ஆப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், இப்போது நேரம் சரியாகிவிட்டது என்று ஒவ்வொரு போட்காரரிடமும் சொல்லியிருக்கிறார். யார் சரிசெய்தது என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்லதான்" என்றாராம். சிலர் சிரித்தார்கள். சிலர் போனை நீட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் வடகரையில் நண்டு பிடிக்கும் ஒருவர் அந்த வேண்டுகோளின் கீழே வந்து, நாங்களும் ஒன்றரை மாதமாக அரைமணியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏதோ எங்கள் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தோம், நன்றி என்று எழுதினார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு இரண்டு வாரம் மணலில் நடந்து பழகினேன். முதல் நாள் கடலுக்குப் போய்த் திரும்பியபோது முகத்துவாரத்துக்கு வெளியே மச்சான் இன்ஜினைக் குறைத்தார். பச்சை வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நான் போனைப் பையில் போட்டுவிட்டு அவர் பார்க்கும் இடத்தைப் பார்த்தேன். கல்லோரத்தில் தண்ணீர் சுழித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"போலாமா?" என்று அவர்தான் கேட்டார்.

"நீ சொல்லு மச்சான்."

போட் எங்கேயும் உரசாமல் ஏரிக்குள் வந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று மதியங்கள் வலை வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறேன். சின்னச் சின்னத் திருத்தங்கள். புதிதாக வருபவர்கள் அனுப்புவதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி சைக்கிள்காரர் கேட்டார். போன வாரம் ஒருவர் அனுப்பியதில் அறுநூறு வரி மாறியிருந்தது. கோபத்தோடு எதையோ எழுதியும் இருந்தார். நான் எந்த ஊர், எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. வரும்.

வீட்டில் என்னைவிட மும்முரமாக இருப்பவள் மனைவிதான். உங்கள் ஊரில் தண்ணீர் ஏறும் நேரத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி என்று ஆப்பின் உதவிப் பக்கங்களில் ஒன்றுமே இல்லை என்று ஒரு நாள் சைக்கிள்காரர் குறைப்பட்டுக்கொண்டார். அதைப் படித்துக் காட்டியதும், "நான் எழுதறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். நிரல் எழுதினால்தான் பங்களிப்பு என்று நினைத்திருந்தேன். உதவிப் பக்கத்தையும் அதே மாதிரி கிளை போட்டு, அதே மாதிரி வேண்டுகோளாகத்தான் அனுப்ப வேண்டுமாம். கணக்கு அவள் பெயரில் திறந்தோம். முதலில் தமிழில் எழுதினாள். குழாய்க்கு அவளே படம் வரைந்தாள். ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் இரண்டு முறை கேட்டுவந்தாள். ஆங்கிலத்துக்கு நானும் போனும் சேர்ந்து மாற்றினோம்.

இன்று காலை அதற்குச் சைக்கிள்காரரின் குறிப்புகள் வந்திருக்கின்றன. மொத்தம் ஏழு. ஆறை ஒத்துக்கொண்டாள். ஏழாவதில், குழாயைக் கட்ட ஒரு மணி நேரம் போதும் என்று அவள் எழுதியிருந்ததை அரை நாள் ஆகலாம் என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்.

"அரை நாளா? ஒரு கொழா கட்டறதுக்கா? அவரு எத்தன கொழா கட்டிகீறாராம்? கேளு" என்றாள்.

"நீயே கேளு. உன் கணக்குதான."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறாள்.